பட்டுப்புழுவின் பகைவன், பயிரின் துணைவன்

நம் மாவட்டத்து ஆரணிப் பட்டின் புகழை அறியாதார் இலர். ஆனால், பட்டு நூலைத் தரும் புழுவுக்கு ஒரு கொடிய நோய் உண்டு. நோயுற்ற புழு மடிந்து, சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்து இறுகிவிடும். இதற்குக் காரணம் ஒரு பூஞ்சாணமே என்று 1835-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அகஸ்தீனோ பாஸி என்பவர் நிறுவினார். பாஸ்டரின் ஆராய்ச்சிகளுக்கு முன்னரே! அவர் பெயராலேயே அது 'பவேரியா பாஸியானா' எனப்படுகிறது.

பட்டுப்புழுவைக் கொல்லும் பூஞ்சாணம் பயிரைத் தின்னும் புழுவையும் கொல்லுமன்றோ? இதன் வித்துக்களைப் பூச்சி உண்ண வேண்டியதில்லை. உடலில் ஒட்டினாலே போதும். ஈரம் கிடைத்ததும் முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே பரவுகிறது. பூச்சி மாள்வதற்குச் சில நாட்கள் ஆகும். நஞ்சு தெளித்தாற்போல உடனே சாகவில்லையே என்று பலர் சலித்துக்கொள்கின்றனர். அவசரப்படுவோருக்கு இது ஏற்றதன்று. இதைப் போன்றதே 'மெட்டாரைசியம்' என்னும் பச்சைப் பூஞ்சாணம். அதை எருக்குழியில் இடுவார்கள். தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழுக்கள் வளர்வது அங்கேதானே!

கடும் வெயிலில் வித்துக்கள் அழிந்துவிடுமாதலால் மாலை வேளையில் தெளிப்பதே நன்று. பூஞ்சாணக் கொல்லி மருந்துடன் கலத்தலும் ஆகாது. மல்பெரித் தோட்டம் அருகில் இருந்தாலோ, பவேரியா வேண்டவே வேண்டாம். வித்துப் படிந்த தழையைப் பட்டுப்புழுவுக்கு இட்டால், பாஸி கண்ட அதே நோய் அதற்கும் வரும்.