பேராக் இல்லாத சூப்பர் லீக்: பத்து காஜா ரசிகர்கள் இனி யாருக்குக் கைதட்டுவது?

2025-26 மலேசிய சூப்பர் லீக் பட்டியலை மேலிருந்து கீழே எத்தனை தடவை படித்தாலும் ஒரு பெயர் இல்லை: பேராக். மலேசியக் கிண்ணத்தை எட்டு முறை வென்ற அணி அது. கடைசியாக வென்றது 2018-இல்தான். ஏழே வருடத்தில் கிண்ணத்தோடு நின்ற அணி, பட்டியலிலேயே இல்லாமல் போய்விட்டது.

ஈப்போவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பத்து காஜாவில் பேராக் ஆட்டம்னா மோட்டார் எடுத்துக்கொண்டு ஈப்போ அரங்கத்துக்குக் கிளம்பும் பழக்கம் பல குடும்பங்களுக்கு உண்டு. இப்போ சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் பேச்சு வேறு மாதிரி போகுது. "ஜோகூர் யாரை வாங்கினான்?", "சிலாங்கூருக்கு யார் வந்தான்?", "நம்ம பையன்லாம் எங்கடா போனாங்க?" மற்ற அணிகளின் டிரான்ஸ்பர் பேச்சுதான் மிச்சம்.

பேராக்குக்கு என்ன ஆச்சு? ஆட்டக்காரர்கள் அணி மாறுவது எப்படி நடக்குது? பணம் எங்கே சிக்கிக்கொண்டது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிண்ணத்திலிருந்து காணாமல் போனது வரை

பேராக் முதல்முறை கிண்ணம் வென்றது 1926-இல். பிறகு 1931, நாடு விடுதலை பெற்ற 1957, அப்புறம் 1967, 1970. அதற்குப் பிறகு 28 வருடம் ஒன்றுமே இல்லை. 1998-இல் அந்தக் காத்திருப்பு முடிந்தது, 2000-இல் இன்னொன்று. 2002, 2003 இரண்டு வருடமும் லீக் பட்டமும் ஈப்போவுக்கு வந்தது. இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டிய ரசிகர்கள் பேராக் பெயரைச் சொன்னதும் முகம் மலர்வதற்கு இந்த ஆறு வருடம்தான் காரணம்.

அடுத்த பெரிய வருடம் 2018. ஆஸ்திரேலியப் பயிற்றுநர் மெஹ்மெட் துராக்கோவிச் தலைமையில் பேராக் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. அதே வருடம் அக்டோபர் 27-ஆம் தேதி ஷா ஆலாமில் நடந்த மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் திரெங்கானுவோடு 3-3 என முடிந்து, பெனால்டியில் 4-1 என்று வென்றது. ஜெ. பார்த்திபன், கென்னி பல்ராஜ் போன்ற நம்ம பெயர்களும் அந்தக் காலத்து பேராக் அணியில் இருந்தன.

அதன் பிறகு நடந்தது இது:

• 2021: மாநிலக் காற்பந்துச் சங்கங்கள் நடத்திவந்த அணிகள் தனி நிறுவனங்களாக மாற வேண்டும் என்ற மாற்றம் அமலுக்கு வந்த நேரம். பேராக்கில் சம்பள பாக்கி வெடித்தது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சீசன் முடிவில் அணி சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது.

• 2022: இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் பெரும்பாலும் இளம் ஆட்டக்காரர்களை வைத்தே சமாளித்தது. உரிமை தனியார் கைக்கு மாறியது.

• 2023: பிரிமியர் லீக் நிறுத்தப்பட்டு, எல்லாம் ஒரே சூப்பர் லீக் ஆனது. அதனால் மேலே ஏறும் இடத்தைப் பிடிக்காமலேயே பேராக் மறுபடியும் சூப்பர் லீக்கில் நின்றது.

• 2025: நடுப்பகுதியில், நிதிச் சுமை காரணமாக உரிமையாளர் நிறுவனம் தொடர முடியாது என்று ஒதுங்கியது. புதிய சீசனில் பேராக் இல்லை.

2018-க்கும் 2021-க்கும் நடுவில் மூன்றே வருடம்தான். விழுந்த வேகம்தான் ரசிகர்களுக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

'டிரான்ஸ்பர்' என்றால் உண்மையில் என்ன?

பலரும் நினைப்பது, ஒரு அணி இன்னொரு அணியிடமிருந்து ஆட்டக்காரரை விலை கொடுத்து 'வாங்குது' என்று. உண்மையில் ஆட்டக்காரரை யாரும் வாங்குவதில்லை. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அது முடியும் முன்னே முறிப்பதற்கான தொகைதான் பழைய அணிக்குக் கொடுக்கப்படுது.

ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அந்தத் தொகையும் கிடையாது. ஆட்டக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். இதற்கு வழி திறந்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் மார்க் போஸ்மன். அவர் தொடுத்த வழக்கில் 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் இலவசமாக அணி மாறுவது உலக வழக்கம் ஆனது. இன்றைய ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தாலே வேறு அணியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

இங்கிலாந்து லீக்கில் நாம் கேள்விப்படும் பல மில்லியன் பவுண்டு டிரான்ஸ்பர்கள் மலேசியாவில் அபூர்வம். காரணம் எளிது: இங்கே குறுகிய கால ஒப்பந்தங்கள் நிறைய. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போட்டால், சீசன் முடிந்ததும் பாதி அணி வெளியே நிற்கும். புதிய அணி கொடுக்க வேண்டியது சம்பளம் மட்டும்தான். பழைய அணிக்கு ஒரு சென் கூட வராது.

இங்கேதான் பேராக் போன்ற அணி அடிபடுது. நல்ல ஆட்டக்காரரை உருவாக்கி, நீண்ட ஒப்பந்தத்தில் வைத்திருந்தால், அவர் போகும்போது அந்தப் பணத்தில் அடுத்த மூன்று பேரை வளர்க்கலாம். ஒப்பந்தம் முடிந்து போனால் கையில் காற்றுதான்.

சம்பளம் வரலைன்னா ஆட்டக்காரர் என்ன செய்யலாம்?

ஃபிஃபா விதியில் இதற்குத் தெளிவான பதில் இருக்கு. குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தை அணி கொடுக்காமல் இருந்தால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள்ளும் பணம் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். பாக்கியும் கேட்கலாம், இழப்பீடும் கேட்கலாம்.

தீர்ப்பு வந்த பிறகும் அணி பணம் கட்டவில்லை என்றால், புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை விழும். அது தொடர்ந்து மூன்று பதிவுக் காலம் வரைகூட நீளலாம். இது ஒரு சுழல் மாதிரி: சம்பளம் இல்லை, ஆட்டக்காரர் போறார், வழக்கு வருது, தடை விழுது, புது ஆள் எடுக்க முடியாது, அணி தோற்குது, கூட்டம் குறையுது, விளம்பரதாரர் கிளம்புறார், அடுத்த மாதச் சம்பளத்துக்கும் வழி இல்லை.

அதனால் சம்பள பாக்கியால் அணியை விட்டுப் போன ஆட்டக்காரரை 'துரோகி' என்று திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கணும். மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் நாம் எந்தத் தொழிற்சாலையில் தொடர்ந்து வேலை செய்வோம்? அவருக்கும் வீட்டுக் கடன், பிள்ளைகள் பள்ளிச் செலவு எல்லாம் உண்டு. போதாததற்கு ஓர் ஆட்டக்காரரின் தொழில் வயது பத்துப் பதினைந்து வருடம்தான்.

எல்லாரும் ஏன் ஜோகூர் பக்கம் போறாங்க?

2013-இல் ஜோகூர் டாருல் தாக்ஸிம், சுருக்கமாக ஜேடிடி, புது உருவம் எடுத்தது. சிலாங்கூரின் சஃபிக் ரஹிம், கிளந்தானின் நோர்ஷாருல் இட்லான் போன்ற பெரிய பெயர்கள் அந்த வருடமே அங்கே சேர்ந்தன. மற்ற அணி ரசிகர்கள் "காசைக் கொட்டினால் கிண்ணம் வந்துடுமா?" என்று கேலி செய்தார்கள். வந்தது. 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 லீக் பட்டங்கள். 2015-இல் ஏஎஃப்சி கோப்பை. அதை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி அதுதான்.

பின்னால் இருப்பது பணம் மட்டும் இல்லை. 2020-இல் திறந்த சொந்த அரங்கம், பயிற்சி மையம், இளையோர் அணிகள், துங்கு இஸ்மாயில் தலைமையில் மாறாத நிர்வாகம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கு. ஆட்டக்காரர் பார்வையில் இன்னொன்று முக்கியம்: சம்பளம் வருமா வராதா என்ற பயம் இல்லை. பேராக்கின் தற்காப்பு ஆட்டக்காரர் ஷாருல் சாட் 2021-இல் அங்கே போனார். அதற்கு முந்திய வருடம் பிரண்டன் கான் சிலாங்கூருக்குப் போயிருந்தார். கென்னி பல்ராஜ் கோலாலம்பூர் சிட்டிக்குப் போய், 2021-இல் ஜேடிடியை வீழ்த்தி மலேசியக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். 2018 அணியின் முதுகெலும்பு இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழன்றது.

பேராக் மட்டும்தான் இப்படியா?

இல்லை. 2012-இல் ஒரே வருடத்தில் மூன்று கிண்ணம் தூக்கிய கிளந்தான் அணி, 2023-க்குப் பிறகு லீக்கில் இல்லை. வேறொரு அணிதான் இப்போது அந்த மாநிலத்தின் பெயரைச் சுமக்குது. 2023 சீசனுக்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டுக்கும் உரிமம் மறுக்கப்பட்டது. 2025-26-இல் பேராக்கோடு சேர்ந்து கெடாவும் சூப்பர் லீக்கில் இல்லை.

தமிழ் ரசிகர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை பெட்டாலிங் ஜெயா சிட்டி. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் அணியாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2019-இல் புதுப் பெயரோடு சூப்பர் லீக்கில் ஆடியது. பயிற்றுநர் பி. மணியம் தலைமையில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே இல்லாமல் உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துப் பெரிய அணிகளுக்குத் தண்ணி காட்டியது. 2022 சீசன் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகியது. நம்ம பிள்ளைகளுக்கு உச்ச நிலையில் ஆட இருந்த ஒரு வாசல் அன்றைக்குச் சாத்தப்பட்டது.

இதில் நம்ம ஊர்ப் பையனுக்கு என்ன நஷ்டம்?

ஒரு காலத்தில் பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்தில் திடல் இருக்கும். பால்வெட்டு முடிந்த மாலையில் பந்து உருளும். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். அங்கே நல்லா ஆடினால் மாவட்ட அணி, அப்புறம் மாநில அணி என்று ஒரு ஏணி தெரிந்தது. தோட்டங்கள் துண்டாகி, குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபோது ஏணியின் கீழ்ப்படி போனது. இப்போது மேல்படியும் ஆடிப்போயிருக்கு.

பத்து காஜாவில் 15 வயதில் நன்றாக ஆடும் பையன் இனி சிலாங்கூருக்கோ ஜோகூருக்கோ போய்த்தான் வாய்ப்புத் தேடணும். விடுதி, பயணச் செலவு, பள்ளி மாற்றம் எல்லாம் பெற்றோர் தலையில். வசதி இல்லாத வீட்டில் கனவு அங்கேயே நின்றுவிடும்.

ஃபிஃபா விதியில் சின்ன அணிக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆட்டக்காரர் 12 முதல் 23 வயது வரை எந்தெந்த அணியில் பயிற்சி பெற்றாரோ, பிற்காலத்தில் ஒப்பந்தம் முடியும் முன்னே வெளிநாட்டு அணிக்கு விலைபோனால், தொகையில் 5 விழுக்காடு அந்த அணிகளுக்குப் பிரியும். ஆனால் அதைக் கேட்டு வாங்க அணி பதிவாகி, ஆவணங்களை வைத்து, உயிரோடும் இருக்கணும்.

அப்போ ரசிகர் என்ன செய்யலாம்?

வேறு அணிக்கு மாறுவது ஒன்றும் குற்றம் இல்லை. ஆனால் எந்த அணியைப் பிடித்தாலும், அடுத்த தடவை டிரான்ஸ்பர் செய்தி வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருடம்? பழைய அணிக்கு ஏதாவது கிடைத்ததா? போன சீசன் சம்பளத்தை இந்த அணி முழுசா கொடுத்து முடித்ததா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், எத்தனை பெரிய பெயர் வந்தாலும் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம்.

பேராக் திரும்பி வருமா என்பதற்கும் இதே அளவுகோல்தான். புது முதலாளி, புது ஜெர்சி, புது வெளிநாட்டு கோல் மன்னன் என்ற அறிவிப்பு வரும் நாளில் எல்லாரும் குதிப்பார்கள். பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த வரியை: பழைய பாக்கி தீர்ந்ததா, இளையோர் அணி உண்டா, இரண்டாம் வருடத்துக்கும் பணம் கையில் இருக்கா? 1970-க்கும் 1998-க்கும் இடையில் பேராக் ரசிகர்கள் 28 வருடம் பொறுத்தவர்கள். ஆனால் அப்போது தோற்கவாவது ஓர் அணி இருந்தது.