வீழ்ச்சியும் விழுமியமும்

மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் தம்மை நாடிவரும் மாணவரிடம் மூன்று வினாக்களைத் தொடுப்பதுண்டு. நீ போற்றும் விழுமியம் யாது? நீ கண்ட வீழ்ச்சி யாது? நீ அடைய விழையும் இலக்கு யாது? தனித்தனியே தோன்றினும் இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பன. பி.சி. முஸ்தபாவின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

வயநாட்டுச் சிற்றூர் ஒன்றில் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த அவர், 6ஆம் வகுப்பில் தேறவில்லை. பள்ளியை விட்டு விலகிய சிறுவனை ஆசிரியர் ஒருவரே மீண்டும் வகுப்பறைக்கு அழைத்துவந்தார். அச்சிறுவன் பின்னாளில் கோழிக்கோட்டில் கணினிப் பொறியியல் பயின்று, அயல்நாட்டில் பணியாற்றி, தாயகம் திரும்பிப் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தில் மாணவரானார்.

2005ஆம் ஆண்டு, உறவினர்களோடு இணைந்து 50 சதுர அடி இடத்தில் இட்லி, தோசை மாவு விற்கும் தொழில் தொடங்கினார். கெடாமல் காக்கும் வேதிப்பொருள் எதனையும் சேர்ப்பதில்லை என்பது கொள்கை. மாவோ பைக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும் இயல்பினது. ஆதலின் குளிர்ச்சி குன்றாது காத்து, காலந்தாழ்த்தாது கடைகளில் சேர்த்தல் இன்றியமையாததாயிற்று. கொள்கை உழைப்பைக் கூட்டியது. மக்களின் நம்பிக்கையையும் கூட்டியது. சிற்றூர் இளைஞர்க்கு வேலை தருதல் அவர்தம் இலக்காயிற்று. வறுமையை அறிந்த நெஞ்சில் வேறெவ்விலக்கு முளைக்கும்?

நிலுவைத் தாள்களை எண்ணிச் சோர்ந்திருக்கும் மாணவ நண்பரே! வீழ்ந்ததை மறைக்க வேண்டா. வீழ்ந்த இடத்தில் எதனைக் கைவிடாது எழுந்தீர் என்பதே உம்மை அடையாளங் காட்டும்.