செட்டிங்ஸைப் பூட்டியது யார்?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பூட்டப்பட்ட செட்டிங் பல விதமாகக் கண்ணில் படும். பொத்தான் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும், அழுத்தினாலும் அசையாது. சில பக்கங்களின் மேலே ‘இந்த அமைப்புகளில் சிலவற்றை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற வரி நிற்கும். டாஸ்க் மேனேஜரைத் திறக்கப் போனால் ‘நிர்வாகி இதை முடக்கியுள்ளார்’ என்று ஒரு சிறு பெட்டி வந்து மறிக்கும். சொந்தக் காசில் வாங்கி வீட்டில் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு ஏது நிறுவனம், யார் அந்த நிர்வாகி என்று குழம்புவது இயல்பு.

அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்டோஸ் யாரையும் அடையாளம் கண்டு அதைச் சொல்வதில்லை. ரெஜிஸ்ட்ரி எனப்படும் தன் பதிவேட்டில் ‘பாலிசீஸ்’ என்ற பகுதியில் ஒரு மதிப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. அங்கே எழுதுவது வழக்கமாக அலுவலகத்தின் கம்ப்யூட்டர் நிர்வாகி என்பதால் அந்த வாசகத்தைக் காட்டுகிறது. எழுதியது வைரஸா, எப்போதோ இறக்கிய இலவச மென்பொருளா, பழைய முதலாளியின் அலுவலகமா என்பது அதற்குத் தெரியாது. பூட்டியது யார் என்று கண்டுபிடிக்காமல் திறக்க முயல்பவர்கள்தான் திறந்த பூட்டு மறுநாள் மீண்டும் விழுந்துகிடப்பதைப் பார்க்கிறார்கள்.

முதலில், பூட்டே இல்லாத பூட்டுகளைக் கழித்துவிட வேண்டும். விண்டோஸ் ஆக்டிவேட் செய்யப்படவில்லை என்றால் வால்பேப்பர், நிறம் போன்றவற்றை மாற்றும் பக்கம் முடங்கிக் கிடக்கும். நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும் வசதி இயங்கும்போது கையால் நேரம் மாற்றும் பொத்தான் மங்கியே இருக்கும். சில மலிவு லேப்டாப்கள் ‘எஸ் மோட்’ என்ற நிலையில் வருகின்றன. அவற்றில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எந்த மென்பொருளையும் நிறுவ முடியாது. இதிலிருந்து காசில்லாமல் வெளியே வந்துவிடலாம், ஆனால் திரும்பப் போக முடியாது. பயன்படுத்துபவரின் கணக்கு நிர்வாகி கணக்காக இல்லாமல் சாதாரணக் கணக்காக இருப்பதும் ஒரு காரணம். இவை எதிலும் ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டிய தேவையில்லை.

உண்மையான பூட்டின் வரலாறு அலுவலகத்தில் தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த, விண்டோஸ் என்டி 4.0 காலத்தில் ‘சிஸ்டம் பாலிசி’ என்ற முறை இருந்தது. அதில் ஒரு பெரிய குறை: நிர்வாகி விதியை நீக்கிய பிறகும் அது எழுதிய மதிப்பு ரெஜிஸ்ட்ரியிலேயே தங்கிவிடும். நிர்வாகிகள் இதைப் பச்சை குத்துவது என்றே சொன்னார்கள். விண்டோஸ் 2000-இல் வந்த ‘குரூப் பாலிசி’ இதைச் சரிசெய்தது. தான் எழுதியதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, விதி நீங்கியதும் தானே அழித்துவிடும்படி அது அமைக்கப்பட்டது. ஆனால் அந்தக் கணக்கில் வராமல் வேறொரு மென்பொருள் நேரடியாக எழுதும் மதிப்பை அது கண்டுகொள்வதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பல பூட்டுகள் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதற்கு இதுவே காரணம்.

வைரஸ் எழுதியவர்கள் இதை விரைவிலேயே புரிந்துகொண்டார்கள். 2005-இல் இந்தோனேசியாவிலிருந்து பரவிய பிரான்டாக் என்ற புழு ரெஜிஸ்ட்ரி எடிட்டரை முடக்கியது, ஃபோல்டர் ஆப்ஷன்ஸையும் மறைத்தது. தன்னைத் தேடிப்பிடிக்க உதவும் கருவிகளைப் பயனரின் கையிலிருந்து முதலில் பறித்துவிடுவதே அதன் நோக்கம். டாஸ்க் மேனேஜரை முடக்கிய வைரஸ்களும் ஏராளம். அன்று விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்த வீடுகளில் பெரும்பாலும் எல்லோரும் நிர்வாகி கணக்கிலேயே வேலை செய்தார்கள். பாலிசீஸ் பகுதியில் எழுத நிர்வாகி உரிமை வேண்டும் என்ற காவல் அதனால் பயனற்றுப் போனது. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த ‘அனுமதிக்கவா?’ என்று கேட்கும் பெட்டி எத்தனை பேருக்கு எரிச்சலூட்டியிருந்தாலும் இந்த ஓட்டையை வெகுவாக அடைத்தது. அதை அணைத்து வைப்பது இன்றும் ஆபத்தான பழக்கம்தான்.

வைரஸ்மீது சந்தேகம் இருந்தால் வரிசை முக்கியம். பூட்டைத் திறப்பதற்கு முன் வைரஸை நீக்க வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் ஒளிந்துகொள்ளும் வகைகளைப் பிடிக்க, விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேன் நல்ல வழி. அது கம்ப்யூட்டரை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழும் முன்பே சோதிக்கிறது. ஆன்டிவைரஸ் புழுவை அழித்த பிறகும் அது எழுதிய மதிப்பு சில சமயம் அப்படியே இருக்கும். பூட்டு போகவில்லை என்பதாலேயே வைரஸ் இன்னும் இருக்கிறது என்று அலற வேண்டாம்.

‘பிரைவசி’யைக் காப்பதாகச் சொல்லும் இலவசக் கருவிகள் இன்னொரு வகை. மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் போவதைத் தடுக்க, ஒரே சொடுக்கில் பல பாலிசி மதிப்புகளை இவை எழுதிவிடுகின்றன. பல வீடுகளில் ‘உங்கள் நிறுவனம்’ என்று காட்டப்படுவது இந்தக் கருவிதான். அதையே மறுபடி திறந்து, செய்த மாற்றங்களைத் திருப்புவதே எல்லாவற்றிலும் சுலபம். குரோம் பிரவுசரும் இப்படிச் சொன்னால், முகவரிப் பட்டையில் அதன் பாலிசி பக்கத்தைத் திறந்தால் எந்தெந்த விதிகள் அமலில் உள்ளன என்ற பட்டியல் கிடைக்கும். தேடுபொறியோ முகப்புப் பக்கமோ கேட்காமலே மாறியிருந்து, அங்கே முன்பின் தெரியாத எக்ஸ்டென்ஷன் ஒன்று கட்டாயமாக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் அது விளம்பர மென்பொருளின் வேலை.

பூட்டு எங்கே இருக்கிறது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. புதிதாக இன்னொரு நிர்வாகி கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பார்க்க வேண்டும். அங்கே செட்டிங் திறந்தால், பூட்டு பழைய கணக்குக்கு மட்டும் உரியது. அங்கேயும் மூடியிருந்தால் அது கம்ப்யூட்டர் முழுமைக்கும் எழுதப்பட்டது. முதல் வகையில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரே முடங்கியிருந்தாலும் புதுக் கணக்கிலிருந்து அதைத் திறக்கலாம். இதைச் செய்யாமல் நேரே விண்டோஸை மறுபடி நிறுவுவது நேரத்தைப் பாழாக்குவது, சில சமயம் கோப்புகளையும் இழக்க வைப்பது.

திறக்கும் முறை விண்டோஸின் பதிப்பைப் பொறுத்தது. ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் இருக்கிறது, ஹோம் பதிப்பில் இல்லை. எடிட்டரில் உரிய விதியை ‘நாட் கான்ஃபிகர்டு’ என்று மாற்ற வேண்டும். நேரடியாக எழுதப்பட்ட பூட்டாக இருந்தால் அது முன்பே அப்படித்தான் காட்டும். அப்போது விதியை ஒருமுறை ‘எனேபிள்டு’ ஆக்கிச் சேமித்துவிட்டு, மறுபடி ‘நாட் கான்ஃபிகர்டு’க்குக் கொண்டுவந்தால், எடிட்டர் அந்த மதிப்பைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டு அழித்துவிடும். ஹோம் பதிப்பில் ரெஜிஸ்ட்ரிக்குள் போய்த்தான் ஆக வேண்டும். உரிய கிளையை எக்ஸ்போர்ட் செய்து நகல் வைத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட ஒரு மதிப்பை மட்டும் நீக்க வேண்டும். பாலிசீஸ் பகுதியை ஒட்டுமொத்தமாக அழிக்கச் சொல்லும் யோசனைகளைக் கேட்கக் கூடாது. விண்டோஸ் தன் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் மதிப்புகளும் அங்கே இருக்கின்றன.

உண்மையிலேயே ஒரு நிறுவனம் பூட்டியிருந்தால் கதை வேறு. அலுவலக நெட்வொர்க்கில் இணைந்த கம்ப்யூட்டர் ஏறக்குறைய ஒவ்வொரு 90 நிமிடத்துக்கும் விதிகளைப் புதுப்பித்துக்கொள்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் சர்வரை மொய்க்காதிருக்க, அதோடு 30 நிமிடம் வரை முன்கூட்டிச் சொல்ல முடியாத தாமதமும் சேரும். கையால் மாற்றியது இந்தப் புதுப்பிப்பில் தானே பழைய நிலைக்குப் போய்விடக்கூடும். அத்தகைய கம்ப்யூட்டரின் பூட்டை நிர்வாகியிடம் கேட்டுத்தான் திறக்க வேண்டும், உடைக்கப் பார்ப்பது வேலைக்கே உலை வைக்கும். சொந்த லேப்டாப்பிலும் அலுவலக அல்லது கல்லூரி மெயிலைச் சேர்க்கும்போது, சாதனத்தை நிர்வகிக்க அனுமதி கேட்கும் கட்டத்தில் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டால் இதே நிலைதான். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவின் ‘ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ பக்கத்தில் அந்தக் கணக்கைத் துண்டித்தால் பெரும்பாலும் விதிகளும் விலகும்.

பழைய லேப்டாப் வாங்குபவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. ‘ஆட்டோபைலட்’ முறையில் ஒரு நிறுவனம் தன் லேப்டாப்களின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை முழுக்க அழித்து விண்டோஸை நிறுவினாலும், தொடக்க அமைப்பின்போது இணையத்தில் இணைந்ததும் அந்த நிறுவனத்தின் பெயரோடு நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். பதிவை நீக்க வேண்டியது பழைய நிறுவனம். ஆகவே பணம் கொடுக்கும் முன் கடையிலேயே லேப்டாப்பை ரீசெட் செய்யச் சொல்லி, இணையத்தில் இணைத்து, தொடக்க அமைப்பை முடித்துப் பார்க்க வேண்டும். பயாஸில் பாஸ்வேர்டு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்கினால், பிறகு பழைய நிறுவனத்தையோ கடைக்காரரையோ கேட்க நேர்ந்தால் கையில் ஆதாரம் இருக்கும்.