பிள்ளைக்குப் பதிலாக நாம் பேசலாமா?

"பேரு என்ன கண்ணு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதும் பிள்ளை அம்மாவின் துப்பட்டாவுக்குள் புகுந்துகொள்ளும். "அவனுக்குக் கூச்சம்க்கா" என்று பேரையும் வகுப்பையும் அம்மாவே ஒப்பித்துவிடுவார். சென்னைக்கு அருகே தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கத்து வாடகை வீடுகளில் இது சகஜம். தாத்தா பாட்டி சொந்த ஊரில். அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். பகலில் அவர் தூங்க, பிள்ளை சத்தம் காட்டாமல் இருக்கப் பழகுகிறது.

அம்மா பேசியது பாசத்தில்தான். ஆனால் ஒளிந்துகொண்டால் தப்பித்துவிடலாம் என்பது பிள்ளைக்குப் பிடிபட்டுவிடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழு பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி தந்து பார்த்தது: பயந்த பிள்ளைக்காகச் செய்துகொடுப்பதைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறையுங்கள், "பயமா இருக்குன்னு தெரியுது, உன்னால முடியும்" என்று சொல்லுங்கள். பிள்ளைக்கே நேரடியாகத் தரும் உளவியல் சிகிச்சைக்கு இது சளைத்ததல்ல என்றது 2020இல் வெளியான ஆய்வு.

இதைப் பழக்க நமக்குத் தெருமுனை மளிகைக் கடை போதும். முதலில் அம்மா பக்கத்தில் நிற்க, பிள்ளை காசை மட்டும் நீட்டட்டும். அது பழகியதும் "அரை லிட்டர் பால்" என்று வாய்விட்டுக் கேட்கட்டும். பிறகு அம்மா வாசலில் நின்றுகொள்ள, தனியே போய் மீதிச் சில்லறையோடு வரட்டும். "அண்ணாச்சி, அவன் பேச நேரமாகும், அவசரப்படுத்தாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது பாதி வேலை. அழுதால் முந்தைய படிக்கு இறங்கலாம். அடியோடு விட்டுவிடத்தான் கூடாது. முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற குழந்தையிடம் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் செய்ததும் இப்படிப் படிப்படியாகப் பழக்குவதைத்தான். பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். 1924இல் அதை எழுதி வெளியிட்டார்.

இரண்டு எச்சரிக்கைகள். கன்டெய்னர் லாரிகள் பறக்கும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைத் தாண்டித்தான் கடை என்றால் அனுப்பவே வேண்டாம். அங்கே பயம் நியாயமானது. இன்னொன்று, வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசும் பிள்ளை தமிழ் வகுப்பில் சில மாதம் வாய் திறக்காததைப் பயக் கணக்கில் சேர்க்காதீர்கள். புது மொழி முதலில் காதில்தான் ஏறும்.

அப்பா தூக்கம் கெட்டு எரிந்துவிழும் நைட் ஷிப்ட் வாரத்தில் கடைப் பயிற்சியைத் தொடங்காமல் இருப்பதும் நல்லது. பள்ளி என்றாலே வயிற்றுவலி, வாரக்கணக்கில் யாருடனும் பேச்சில்லை என்றால் கடைப் பயிற்சி போதாது. மருத்துவரைப் பாருங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண் 14416இல் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.