முக்கொம்பு முதல் கல்லணை வரை: சிறு விவசாயிகளுக்கு இரண்டு நாள் சுற்றுலா

இங்கிலாந்தில் விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கார் எடுத்துக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகள், சந்தை நகரங்கள், பழங்கோட்டைகள் என்று சுற்றி வருவது வழக்கம். அம்மூன்றும் திருச்சியைச் சுற்றி ஒரே இடத்தில் அமைந்துள்ளன. சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டால், கோவில் தரிசனத்தோடு தொழிலுக்கு வேண்டிய பாடத்தையும் கற்று வரலாம்.

முதல் நாள்: வாய்க்கால் தலைப்பும் வாழையும்

கரூர் சாலையில் பெட்டவாய்த்தலையிலிருந்து பயணத்தைத் தொடங்கலாம். சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் காவிரியிலிருந்து இங்கேதான் பிரிகிறது. திருச்சி நகரின் ஊடே ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. தலைப்பில் தெளிவாக ஓடும் நீரையும், நகரத்தின் கழிவு கலந்த பிறகு அதே நீர் இருக்கும் நிலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கடைமடை விவசாயியின் கவலை விளங்கும்.

திரும்பும் வழியில் முக்கொம்பு. இங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஆகவே தடுக்காவிட்டால் நீர் அந்தப் பக்கமே பாய்ந்துவிடும். தஞ்சைப் பாசனம் தவிக்கும். இதற்காகவே ஆர்தர் காட்டன் 1836-38-ல் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு வெள்ளத்தில் அதன் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் புதிய கதவணை எழுந்தது. நீர் குறைந்த காலத்தில் சென்றால் மணற்படுகை அரிக்கும் விதம் கண்ணுக்குத் தெரியும். வயல் மடையைக் காப்பதற்கும் இதுவே பாடம்: அடிமண் அரிக்க விட்டால் மேலே எவ்வளவு பலமாகக் கட்டினாலும் நிற்காது.

அடுத்து, 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்குத் தாயனூர் செல்லலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

கன்று வாங்கும்போது கவனம்

சுற்றுலா சென்ற இடத்தில் நல்ல தார் கண்டால் நாலு கன்று கேட்டு வாங்கி வேனில் ஏற்றுவது பலருடைய வழக்கம். வாடல் நோய் ஊர் விட்டு ஊர் பரவ இது ஒரு முக்கிய வழி. ரஸ்தாளி இந்நோய்க்கு எளிதில் இலக்காகும். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டின் அடிப்பகுதி பிளக்கும். கிழங்கை வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். நோய்க்கிருமி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். எனவே நோய் கண்ட தோட்டத்துக் கன்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அத்தோட்டத்தில் நடந்திருந்தால் செருப்பில் ஒட்டிய மண்ணை அங்கேயே கழுவிவிட வேண்டும். நோயற்ற தோட்டத்தின் ஈட்டி இலைக் கன்றானாலும், கிழங்கிலுள்ள வேர்களைச் சீவிவிட்டு, லிட்டருக்கு 1 கிராம் கார்பெண்டாசிம் கலந்த கரைசலில் நனைத்த பின்பே நட வேண்டும்.

இரண்டாம் நாள்: சந்தையும் கோட்டையும்

அதிகாலையில் தென்னூர் உழவர் சந்தைக்குப் போக வேண்டும். அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் இடைத்தரகர் இன்றி நேரடியாக விற்கும் இடம் இது. விலைப் பலகையைக் குறித்துக்கொண்டு, ஊரில் வியாபாரி கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டையும் காலையிலேயே பார்ப்பது நல்லது. முகூர்த்த நாளில் விலை ஏறும் வேகத்தைப் பார்த்தவர் எந்தப் பூவை எப்போது பறிக்க வேண்டும் என்று தாமே கணக்கிடுவார்.

மலைக்கோட்டையின் 400-க்கும் மேற்பட்ட படிகளை ஏறினால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கமும், ஏழு பிராகாரங்கள் கொண்ட கோவிலும், 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரமும் தெரியும். திருச்சிக் கோட்டைக்காக நடந்த போரில் பிரெஞ்சுப் படை இந்தத் தீவில்தான் தங்கியது. உணவுப்பொருள் வரும் வழிகள் அடைபட்டதும் 1752-ல் சரணடைந்தது. பீரங்கி இருந்தும், சோறு இல்லாத படை நிற்க முடியவில்லை.

ரங்கநாதரைத் தரிசித்த பின் திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்குச் செல்லலாம். வழியெங்கும் வாழை. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் இந்த அணை, ஆழம் காண முடியாத மணலில் பாறையும் களிமண்ணும் கொண்டு அடித்தளம் இடப்பட்டது. அந்த முறையைக் காட்டனே இங்கு கண்டு கற்றுக்கொண்டார். காவிரி, வெண்ணாறு, 1934-ல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் நான்காகப் பிரிவதைப் பார்க்கலாம்.

புறப்படும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்த ரகம், கேட்ட விலை, விசாரித்த முகவரி ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். ஊர் திரும்பியதும் சுற்றுலாவுக்கு வர முடியாத பக்கத்து வயல்காரருக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள்.