கேம் ஆடும்போது பிரேக்கர் விழுவது ஏன்?

முதலில், விழுந்தது எது என்று பாருங்கள். சாதாரண பிரேக்கரான எம்சிபி என்றால் பெரும்பாலும் சுமைதான். 500 வாட் கேமிங் கம்ப்யூட்டர் 230 வோல்ட்டில் இழுப்பது 2 ஆம்பியருக்குச் சற்று அதிகம். 10 ஆம்பியர் எம்சிபிக்கு அது பெரிதல்ல. சிதம்பரத்துக் கோடை இரவில் அதே லைனில் 1.5 டன் ஏசியும் இஸ்திரிப்பெட்டியும் ஓடினால் 14 ஆம்பியர் வரை போகும். எம்சிபிக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை மெல்லச் சூடேறி வளையும். அதனால்தான் கொஞ்ச நேரம் ஆடிய பிறகு விழுகிறது. ஸ்விட்ச் போட்டவுடனே விழுந்தால் ஷார்ட்டைச் சந்தேகியுங்கள்.

டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்சிசிபி என்றால் கசிவு. வீடுகளில் 30 மில்லியாம்பியரே வரம்பு. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் இயல்பாகவே எர்த்துக்குச் சிறிது கசியவிடும். கடலூர் உப்புக்காற்று படிந்த ஈரமான பிளக் பாயிண்ட் மீதியைச் சேர்க்கும்.

கம்ப்யூட்டரை வேறு லைனுக்கு மாற்றிப் பாருங்கள். ஒயரை மாற்றாமல் பெரிய எம்சிபி போட்டுவிடாதீர்கள். சுவருக்குள் ஒயர் எரியும்.