‘நாளை வெயில் 36 பாகை’: இந்த அறிவிப்பு யாருக்கு?

நம் நாட்டில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆறு பருவங்களை எங்கள் தமிழாசிரியை சொல்லிக்கொடுத்தார். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் புவியியல் பாடத்தில் வடகிழக்குப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்று என்று வேறொரு பட்டியலை மலாய்மொழியில் மனனம் செய்தோம். இரண்டு பட்டியலையும் இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பேன். ஆனால், ‘நாளை உச்ச வெப்பநிலை 36 பாகை செல்சியஸ்’ என்று செய்தியில் சொன்னால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை அந்த இரண்டு பட்டியலும் சொல்லவில்லை.

அதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். வானிலை அறிவிப்பைப் படிப்பது பெரிய வித்தையன்று. எண் எங்கே அளக்கப்பட்டது, எத்தனை நாள் நீடித்தது, யார் வெயிலில் நிற்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

கோடை இல்லாத நாட்டில் வெப்ப அலையா?

மலேசியாவில் மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் இரண்டு மூன்று பாகைக்கு மேல் மாறுவதில்லை. அப்படியானால் வெப்ப அலை எப்படி வருகிறது? சூரியன், காற்று, மண் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கைகோக்கும்போது வருகிறது.

முதலில் சூரியன். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டில் இருமுறை சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. கோலாலம்பூரில் மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும், பெர்லிசில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் இது நிகழ்கிறது.

அடுத்து காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களில் கொட்டித் தீர்க்கிறது. தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி மேற்கே வரும்போது அதன் கையிருப்பு குறைந்துவிடுகிறது. அதனால்தான் சனவரி முதல் மார்ச் வரை பெர்லிசும் கெடாவின் வட பகுதியும் வறண்டு கிடக்கின்றன. மேகமும் குறைவு, மழையும் குறைவு.

மூன்றாவது மண். ஈரமான மண்ணில் விழும் வெயிலின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். இரண்டு மாதம் மழையில்லாமல் காய்ந்த மண்ணில் அந்தச் செலவு இல்லை. வந்த வெப்பமெல்லாம் தரையையும் காற்றையும் சூடாக்கும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடமாநிலங்கள் கொதிப்பதற்கு இம்மூன்றும் சேர்ந்தே காரணம்.

இவற்றோடு எல் நினோவும் சேர்ந்துவிட்டால் நிலைமை மோசமாகும். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாவதையே எல் நினோ என்கிறோம். அப்போது மழைமேகங்கள் திரளும் இடம் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. நம் பக்கம் மேகம் குறைகிறது. 1997-98, 2015-16, 2023-24 ஆகிய காலங்கள் அப்படிப்பட்டவை. நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 40.1 பாகை, 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிசில் உள்ள சுப்பிங்கில் பதிவானது. 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெப்பத்தின் காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வெள்ளத்திற்குப் பள்ளி மூடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, வெயிலுக்குப் பள்ளி மூடியது புதுமையாக இருந்தது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

செய்தியில் சொல்லப்படும் 36 பாகை தார்ச்சாலையின் சூடும் அன்று, காருக்குள் இருக்கும் சூடும் அன்று. வானிலை நிலையங்களில் புல்தரைக்கு மேல் ஏறக்குறைய ஓர் ஆள் நெஞ்சளவு உயரத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று நிற்கும். காற்று நுழைந்து போவதற்கு வசதியாக அதன் சுவர்கள் சாய்ந்த பலகைகளால் ஆனவை. வெயில் நேரடியாக உள்ளே விழாது. வெப்பமானி அதற்குள்தான் இருக்கும். ஆக, 36 பாகை என்பது காற்றோட்டமான நிழலில் அளந்த காற்றின் வெப்பநிலை. வெயிலில் நிற்பவருக்கு அது தொடக்கப்புள்ளி மட்டுமே.

அடுத்தது ஈரப்பதம். நம் உடல் வியர்வையை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். சட்டை நனையும், உடல் குளிராது. இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே ‘வெப்பக் குறியீடு’ என்ற அளவை வைத்திருக்கிறார்கள். காற்றின் வெப்பநிலை 32 பாகையாகவும் ஈரப்பதம் 70 விழுக்காடாகவும் இருந்தால், உடல் உணரும் வெப்பம் ஏறக்குறைய 41 பாகை. இதுவும் நிழலில் இருப்பவருக்கான கணக்கே. நேர்வெயிலில் நின்றால் மேலும் 8 பாகை வரை கூடலாம்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு, “அங்கே 42 போகுது, நம்ம ஊரு 36க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று என் மாமா கேட்பார். உங்கள் வீட்டிலும் ஒரு மாமா இப்படிக் கேட்டிருக்கலாம். அவருக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, வறண்ட 42 பாகையையும் ஈரமான 36 பாகையையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. இரண்டாவது, ஒவ்வொரு நாடும் தன் மண்ணுக்கும் மக்களுக்கும் ஏற்பவே எல்லையை வகுக்கிறது. இந்தியாவில் சமவெளிப் பகுதியில் வெப்பநிலை 40 பாகையைத் தொட்டு, வழக்கத்தைவிடக் குறைந்தது 4.5 பாகை கூடினால் அதை வெப்ப அலை என்கிறார்கள். கடலோரத்திற்கு எல்லை 37, மலைப்பகுதிக்கு 30. ஒரே நாட்டுக்குள்ளேயே மூன்று எல்லைகள் என்றால், கடல் கடந்த நமக்கு வேறோர் எல்லை இருப்பதில் வியப்பென்ன?

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் மே மாதத்தில் ‘கத்திரி’ என்று குறித்திருப்பதையும் இங்கே சொல்லவேண்டும். அது தமிழ்நாட்டு வெயிலுக்கான கணக்கு. நம் வடமாநிலங்களின் கடும்வெயில் கத்திரி பிறக்கும் முன்பே வந்துவிடுகிறது. நல்ல நாள் பார்க்க அந்த நாள்காட்டி போதும், வெயிலுக்குப் போதாது.

மூன்று நிலைகள்

மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா, வெப்பநிலை தொடர்ந்து குறைந்தது மூன்று நாள்களுக்கு நீடிக்கிறதா என்று பார்த்து எச்சரிக்கை விடுக்கிறது. நாளின் உச்ச வெப்பநிலை 35 முதல் 37 பாகை வரை இருந்தால் நிலை 1, அதாவது விழிப்பு நிலை. 37க்கு மேல் 40 வரை சென்றால் நிலை 2, வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் நிலை 3, கடும் வெப்ப அலை.

மூன்று நாள் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் வெயிலை உடல் தாங்கும். இரவில் நன்றாகத் தூங்கினால் மறுநாள் தெளிந்துவிடும். ஆனால், தகரக் கூரையும் செங்கல் சுவரும் பகலில் குடித்த வெப்பத்தை இரவில் கக்குகின்றன. மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரவிலும் உடல் ஓய்வெடுக்க முடியாமல் போனால், மூன்றாம் நாள் அதே 36 பாகை முதல் நாளைவிடக் கடுமையாகத் தாக்கும். எண் ஏறவில்லையே என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது ஆபத்து ஏறிக்கொண்டிருக்கும்.

‘இவர்கள் மழை வரும் என்பார்கள், வராது, இதை மட்டும் எப்படி நம்புவது?’ என்று சிலர் கேட்பதுண்டு. மாலை இடிமழை சில கிலோமீட்டர் பரப்பில் திடீரென்று திரண்டு கொட்டுவது. எந்தத் தாமானில் பெய்யும் என்று முதல்நாளே சொல்வது கடினம். வெப்பம் அப்படியன்று. பல மாவட்டங்களைப் போர்த்தியிருக்கும் வறண்ட காற்று ஓரிரவில் காணாமற்போகாது. ஆகவே, வரும் சில நாள்களின் வெயிலைக் கணிப்பது ஒரு மாலைநேர மழையைக் கணிப்பதைவிட எளிது.

யாருக்கு இந்த அறிவிப்பு?

குளிரூட்டப்பட்ட விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு 36 பாகை ஒரு செய்தி. கெடாவின் தென்பகுதியில் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் என் அப்பாவுக்கு அது அன்றைய வேலை. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக் குலை வெட்டும்போது உடலே ஓர் அடுப்பாகிறது. தசைகள் வேலை செய்யும்போது உள்ளிருந்து எழும் வெப்பமும் வெளியே வெயிலின் வெப்பமும் சந்திக்கின்றன. நீண்ட கைச்சட்டை, காலுறை, தலைக்கவசம் எல்லாம் பாதுகாப்புக்குத்தான் என்றாலும் வியர்வை ஆவியாக வழிவிடுவதில்லை. வெட்டும் குலைக்குத் தக்க கூலி என்பதால், சற்று நேரம் நிழலில் உட்கார்ந்தால் அந்த நேரம் சம்பளத்தில் தெரியும்.

கடந்த ஆண்டு விடுமுறையில் மெட்மலேசியாவின் ‘மைசுவாச்சா’ செயலியை அப்பாவின் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தேன். திரையைப் பார்த்துவிட்டு, “வெயிலடிக்கும்னு சொல்றதுக்கு இது எதுக்கு ஐயா? வெளிய போனா தெரியப்போகுது” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இன்றைய வெயிலை உடலே சொல்லிவிடும். நாளையும் நாளை மறுநாளும் அப்படித்தான் என்பதை உடலால் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்குத்தான் அறிவிப்பு. முன்கூட்டியே தெரிந்தால் விடியலில் அரைமணி நேரம் முன்னதாக இறங்கலாம், கடினமான பகுதியைக் காலையிலேயே முடிக்கலாம், கூடுதலாக ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோகலாம். இதைச் சொன்னபோது அப்பா மறுக்கவில்லை. “அப்படின்னா ராத்திரியே சொல்லிடு” என்றார். அதிலிருந்து வெயில் கடுமையாகும் நாள்களில் முதல்நாள் இரவு எட்டு மணிக்கு அவருக்குக் குரல்பதிவு அனுப்புவது என் வழக்கம்.

இளைஞர்களுக்கு இது பொருந்தாது என்று எண்ணவேண்டாம். 2024 பிப்ரவரியில் பகாங்கில் 22 வயது இளைஞர் ஒருவர் வெப்பத் தாக்குதலால் உயிரிழந்தார். எனக்கும் இப்போது அதே வயதுதான். திடலில் காற்பந்துப் பயிற்சி செய்பவர்கள், மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்து படிப்புச் செலவைச் சமாளிப்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடையே நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதிகம். சிறுநீர் போவதற்காகக் கொடுக்கப்படும் மாத்திரைகள் உடலின் நீரை மேலும் குறைக்கக்கூடும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை, சிறுநீரக நோயும் இதய நோயும் உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுவைப்பது நல்லது.

அறிகுறிகளும் முதலுதவியும்

வெப்பம் உடலைப் படிப்படியாகத் தாக்குகிறது. முதலில் தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை வரும். இந்தக் கட்டத்திலேயே வேலையை நிறுத்தி, நிழலுக்கு வந்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி, பேச்சு குழறி, மனம் தடுமாறி, மயக்கம் வந்தால் அது வெப்பத் தாக்குதல். அது உயிருக்கு ஆபத்து. உடனே 999ஐ அழைக்கவேண்டும். வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குத் தூக்கிச் சென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறவேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். “வெயில்ல மயக்கம், கொஞ்சம் படுத்தா சரியாயிடும்” என்று விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நம்மால் ஆவது

தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016ஆம் ஆண்டிலேயே வேலையிடத்தில் வெப்ப அழுத்தத்தைக் கையாளும் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகியவை தொழிலாளர் கெஞ்சிக் கேட்கவேண்டிய சலுகைகள் அல்ல என்பதை அது நமக்கு உணர்த்துகிறது. ஆனால், வழிகாட்டி ஒரு மொழியில் இருக்க, வெயிலில் நிற்பவர் வேறொரு மொழியில் சிந்திக்கிறார். வானிலை எச்சரிக்கையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கும், படிக்கவே நேரமில்லாத அப்பாவுக்கும் அதை யார் கொண்டுசேர்ப்பது?

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி தேசியப் பள்ளி வழியாகப் பல்கலைக்கழகம் வந்த நமக்கு மூன்று மொழியும் கைவசம் இருக்கிறது. தேர்வுக்கு மட்டுமா அது? நம் மொழிக் கழகத்தில் கவிதைக்கும் பட்டிமன்றத்துக்கும் எத்தனையோ இரவுகள் கண்விழிக்கிறோம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, எச்சரிக்கை வரும் நாள்களில் மட்டும், இரண்டு வரித் தமிழ்க் குரல்பதிவு ஒன்றைச் சொந்த ஊர்ப் புலனக் குழுவில் போட்டால் என்ன? மாவட்டத்தின் பெயர், நாளைய உச்ச வெப்பநிலை, எத்தனையாவது நாள் என்ற மூன்று விவரம் போதும். பதிவு செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. வரும் பிப்ரவரிக்குள் ஒவ்வொரு வடமாநில மாணவரும் தத்தம் ஊருக்குப் பொறுப்பேற்கலாம் என்பது என் பரிந்துரை. கெடாவின் தென்பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.